ஐஎஸ்எல் வளர்ந்தது, இந்திய அணி வளர்ந்ததா?

2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியக் கால்பந்து அணி ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1 என மூன்று ஆட்டங்களிலும் தோற்று, ஒரு கோல்கூட அடிக்காமல் நாடு திரும்பியது. அதே பருவத்தில் இந்தியன் சூப்பர் லீக், அதாவது ஐஎஸ்எல், 12 அணிகளும் அணிக்கு 22 ஆட்டங்களுமாக அதுவரை இல்லாத அளவுக்கு விரிந்திருந்தது. லீக் பெருக்க, தேசிய அணி சிறுத்தது எப்படி என்ற கேள்வி அன்று முதல் கால்பந்து பேசுகிற இடங்களில் எல்லாம் எழுகிறது. வடசென்னையில் வியாசர்பாடியைப் போலத் தெருவுக்குத் தெரு பந்து உதைக்கும் பகுதியில் அது இன்னும் கூர்மையாகக் கேட்கப்படுகிறது. ஏனென்றால் இங்கே ஐஎஸ்எல் தொலைக்காட்சியில் மட்டும் வரும் காட்சியாக இல்லை. இந்தப் பேட்டைப் பிள்ளைகள் போய்ச் சேர்ந்திருக்கும் வேலையிடம் அது. “லீக்கால இந்தியா டீம் உருப்படுமா, கெடுமா அண்ணா?” என்று முல்லை நகர் மைதானத்தில் ஒரு பையன் கேட்டால், ஆம் இல்லை என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல முடியாது. ஆனால் எங்கே பார்த்தால் பதில் கிடைக்கும் என்று சொல்ல முடியும்.

முதலில் அடிப்படையைத் தெளிவாக்கிக்கொள்வோம். லீக் என்பது கிளப்புகள் சொந்த மைதானத்திலும் எதிரணியின் மைதானத்திலும் மாறி மாறி மோதி, ஒரு பருவம் முழுவதும் புள்ளிகள் சேர்க்கும் தொடர் போட்டி. வீரருக்குச் சம்பளம் கொடுப்பதும், அன்றாடம் பயிற்சி தருவதும், காயம்பட்டால் மருத்துவம் பார்ப்பதும் கிளப்தான். தேசிய அணிக்கென்று தனியாகச் சம்பள வீரர்கள் கிடையாது. உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா ஆண்டில் சில முறை, பெரும்பாலும் ஒன்பது பத்து நாள் அளவுக்கு, சர்வதேச ஆட்டங்களுக்கென ஒரு கால இடைவெளியை ஒதுக்குகிறது. அதைத்தான் ஃபிஃபா விண்டோ என்கிறார்கள். அந்த நாட்களில் தேசிய அணி அழைத்தால் கிளப் தன் வீரரை விட்டாக வேண்டும்; அதற்கு வெளியே விடுவதும் விடாததும் கிளப்பின் விருப்பம். இரவல் பாத்திரத்தில் விருந்து சமைப்பதைப் போன்றது தேசியப் பயிற்சியாளரின் வேலை: நசுங்கியிருந்தாலும் அதிலேதான் சமைக்க வேண்டும், குறித்த நேரத்தில் திருப்பியும் கொடுத்துவிட வேண்டும்.

இந்த ஏற்பாடு முரண்டு பிடித்தால் என்ன ஆகும் என்பதை 2023 செப்டம்பரில் பார்த்தோம். ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டி ஃபிஃபா விண்டோவுக்குள் வரவில்லை. ஐஎஸ்எல் பருவமோ அதே வாரத்தில் தொடங்கவிருந்தது. கிளப்புகள் முன்னணி வீரர்களை விடத் தயங்கின. கடைசி நேரத்தில் திரட்டப்பட்ட அணி, சேர்ந்து பயிற்சி செய்யக்கூட நேரமில்லாமல் சீனாவுக்கு எதிரே இறங்கி 1-5 எனத் தோற்றது. லீக் தேசிய அணிக்குத் தடை என்று வாதிடுபவர்கள் முதலில் எடுத்துக் காட்டுவது இந்த ஆட்டத்தைத்தான். ஆனால் இது நாள்காட்டிச் சிக்கல். இந்தியக் கால்பந்துச் சம்மேளனமும் லீக் நடத்துபவர்களும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசினால் தீரக்கூடியது. லீக்கின் தன்மையிலேயே உள்ள சிக்கல் வேறு. அதற்குப் போகுமுன், லீக்கினால் என்ன நன்மை என்பதைப் பார்த்துவிடலாம்.

கால்பந்து வீரர் வளர்வது ஆட்டங்களால்தான். பயிற்சி எவ்வளவு நடந்தாலும், எதிரே ஒருவன் உண்மையாகவே பந்தைப் பறிக்க வரும்போது எடுக்கும் முடிவுக்கு அது ஈடாகாது. 2014-இல் முதல் ஐஎஸ்எல் அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிந்துவிட்டது. லீக் சுற்றில் அணிக்கு 14 ஆட்டங்கள்தான். 2024-25-இல் 13 அணிகள், அணிக்கு 24 ஆட்டங்கள். இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் இது 38. ஆட்ட எண்ணிக்கையோடு உடல்தகுதிப் பயிற்சி, உணவு, காணொளி ஆய்வு ஆகியவையும் வந்தன. அதற்கு முன் சென்னையில் கால்பந்து என்பது பெரும்பாலும் அலுவலக அணிகளின் ஆட்டம். ஐசிஎஃப், தென்னக ரயில்வே, இந்தியன் வங்கி போன்ற அணிகளில் நன்றாக ஆடினால் வேலை கிடைக்கும். வேலை கிடைத்தால் குடும்பம் நிமிரும். வடசென்னையில் பல வீடுகளுக்கு அடுப்பெரிய வைத்த ஏற்பாடு அது, குறைத்துச் சொல்வதற்கில்லை. இந்தியன் வங்கி அணி தேசியக் கால்பந்து லீக்கிலேயே ஆடியது. ஆனால் அந்த ஏற்பாட்டில் பந்து வேலைக்கு வழி; ஐஎஸ்எல் ஏற்பாட்டில் பந்தே வேலை.

இதற்கு ஒரு பழைய மறுப்பு உண்டு. 1951-லும் 1962-லும் இந்தியா ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்தது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு அணிக்கு எதிராகத் தமிழகத்துச் சைமன் சுந்தர்ராஜ் அடித்ததுதான் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா இதுவரை அடித்த கடைசி கோல். அப்போது தேசிய லீக் என்று ஒன்றே இல்லை; சந்தோஷ் டிராபியும் டியூரண்ட் கோப்பையும் நகர லீக்குகளும்தான் இருந்தன. ஆக, லீக் இல்லாமலே வென்றோமே என்பது வாதம். அதில் உண்மை பாதிதான். அன்று ஆசியாவில் யாருக்கும் தொழில்முறை லீக் இல்லை. எல்லோரும் ஒரே கோட்டில் நின்றார்கள். தென்கொரியா 1983-லும் ஜப்பான் 1993-லும் தொழில்முறை லீக்கைத் தொடங்கின. இந்தியாவின் முதல் தேசிய லீக் 1996-இல்தான் வந்தது. அது 2007-இல் ஐ-லீக் என்று பெயர் மாறியது. நாம் நின்ற இடத்திலேயே நின்றோம், மற்றவர்கள் நடந்துவிட்டார்கள்.

ஜப்பானின் கதையை யாரும் சொல்வார்கள் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். ஜப்பானின் தொழில்முறை லீக்கான ஜே-லீக் 10 கிளப்புகளோடு தொடங்கிய ஐந்தாம் ஆண்டில், 1997-இல், ஜப்பான் முதன்முறையாக உலகக் கோப்பைக்கு, 1998 தொடருக்கு, தகுதி பெற்றது. அந்த அணியின் 22 பேரும் ஜே-லீக்கில் ஆடியவர்கள். ஜெர்மனியையும் ஸ்பெயினையும் வீழ்த்திய 2022 அணியின் 26 பேரில் ஜே-லீக்கில் அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஏழே பேர். மற்றவர்கள் ஐரோப்பாவில் இருந்தார்கள். இங்கே கவனிக்க வேண்டியது இதுதான்: லீக் தன் சிறந்த பிள்ளைகளை இழந்துகொண்டே இருந்தது, தேசிய அணி உயர்ந்துகொண்டே போனது. உள்நாட்டு லீக் வீரர்களைப் பிடித்து வைத்துக்கொள்வதைவிட, வெளியே அனுப்பும் தகுதிக்கு உருவாக்குவது தேசிய அணிக்கு அதிகம் உதவுகிறது.

அதற்காக வெளிநாட்டில் ஆடுவோரின் எண்ணிக்கையை வைத்து அணியை அளந்துவிட முடியாது. 2018 உலகக் கோப்பை இறுதிக்கு வந்த குரோஷியாவின் 23 பேரில் உள்நாட்டு லீக்கில் ஆடியவர்கள் இருவர்தான். 2006-இல் கோப்பையை வென்ற இத்தாலியின் 23 பேரும் உள்நாட்டு லீக்கினர். 2022-இல் உலக சாம்பியனாகப் போகும் அர்ஜெண்டினாவை 2-1 என வென்ற சவுதி அரேபியாவின் 26 பேரும் உள்நாட்டுக்காரர்களே. அதே தொடரில் முழுக்க உள்நாட்டு வீரர்களோடு இறங்கிய கத்தார், சொந்த மண்ணில் மூன்று ஆட்டங்களையும் தோற்றது. ஆகவே ‘வீரர்கள் எங்கே ஆடுகிறார்கள்’ என்பது தவறான கேள்வி. எந்த இடத்தில், எத்தனை நிமிடம், எவ்வளவு கடினமான ஆட்டத்தில் ஆடுகிறார்கள் என்பதே சரியான கேள்வி என்பது என் எண்ணம்.

இந்தியச் சிக்கலின் முடிச்சு அந்த ‘எந்த இடத்தில்’ என்பதில் இருக்கிறது. ஐஎஸ்எல்லின் முதல் மூன்று பருவங்களில் களத்தில் இறங்கும் 11 பேரில் ஆறு பேர் வரை வெளிநாட்டவராக இருக்கலாம். 2017-18-இல் அது ஐந்தானது; 2021-22 முதல் நான்கு. குறைந்துகொண்டுதான் வருகிறது. ஆனால் அந்த நால்வரை ஒரு கிளப் எங்கே நிறுத்தும்? ஆட்டத்தை வென்று தரும் இடங்களில்தான்: தடுப்பின் நடுவில் ஒருவர், நடுக்களத்தின் மையத்தில் ஒருவர் அல்லது இருவர், கோல் அடிக்கும் ஸ்ட்ரைக்கராக ஒருவர். களத்தை நீளவாக்கில் பார்த்தால் நடுத்தண்டு முழுவதும் அவர்கள், இரு விளிம்புகளிலும் நம்மவர்கள். கிளப்பின் கணக்கில் இது முற்றிலும் நியாயம். இந்தப் பருவமே வெல்ல வேண்டும், உரிமையாளருக்குப் பதில் சொல்ல வேண்டும், தோற்றால் பயிற்சியாளரின் வேலை போய்விடும் என்ற நிலையில், 19 வயது இந்திய ஸ்ட்ரைக்கர் தவறு செய்து கற்றுக்கொள்ளும் வரை காத்திருக்க யாருக்கு மனம் வரும்?

விளைவைக் கோல் பட்டியலில் காணலாம். 2014 முதல் 2024-25 வரை, பதினொரு பருவங்களில், அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி ஒருமுறைகூட இந்தியர் ஒருவருக்குக் கிடைத்ததில்லை. நம் சென்னையின் எஃப்சி வீரர்கள் அதை மூன்று முறை வாங்கியிருக்கிறார்கள். மூவரும் வெளிநாட்டவர்: 2014-இல் பிரேசிலின் எலானோ, 2015-இல் கொலம்பியாவின் மெண்டோசா, 2019-20-இல் லித்துவேனியாவின் வால்ஸ்கிஸ். உள்ளூர்ப் பிள்ளைகளை நம்பி 2018-19 ஐ-லீக்கை வென்ற சென்னை சிட்டி அணியிலும் 21 கோல்களைக் குவித்தவர் வெளிநாட்டவரான பெட்ரோ மான்சிதான். சுனில் சேத்ரியின் கதை இதைவிடப் பேசும். தேசிய அணிக்கு 90-க்கு மேல் கோல் அடித்த அந்த மனிதர், 2017-18-இல் பெங்களூரு எஃப்சி அணியில் பெரும்பாலும் இடப்பக்க விளிம்பில் ஆடினார். மையத்தில் வெனிசுவேலாவின் மீக்கு நின்றார். சேத்ரிக்கே நடு இடம் கிடைக்காத லீக்கில் அவருக்கு அடுத்தவர் எங்கிருந்து முளைப்பார்? 2024 ஜூனில் ஓய்வு பெற்ற அவரை 2025 மார்ச்சில் தேசிய அணி திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. அந்தப் பருவத்தில் ஐஎஸ்எல்லில் இந்தியர்களில் அதிக கோல் அடித்தவரும் 40 வயதான அவரேதான்.

இதற்கு எதிர்த் திசையில் ஒரு சான்றும் இருக்கிறது. அதுதான் எனக்கு அதிகம் பிடித்தது. கோல்கீப்பர் இடத்தைப் பாருங்கள். சென்னையின் எஃப்சி 2015-இல் கோப்பை வென்றபோது கம்பங்களுக்கு இடையே நின்றவர் அபூலா எடெல், வெளிநாட்டவர். 2017-18-இல் மீண்டும் கோப்பை வென்றபோது நின்றவர் கரன்ஜித் சிங். வெளிநாட்டவர் எண்ணிக்கை குறையக் குறைய, கிளப்புகள் அந்த அரிய இடங்களைக் கோல்கீப்பருக்குச் செலவிடுவதை நிறுத்திக்கொண்டன. அதன்பின் குர்பிரீத் சிங் சந்து, அம்ரிந்தர் சிங், விஷால் கைத் என்று இந்தியாவுக்குக் கோல்கீப்பர் பஞ்சமே வந்ததில்லை. ஒரே லீக், ஒரே பணம், ஒரே ரசிகர்கள். ஓரிடத்தில் வளம், ஓரிடத்தில் வறட்சி. வேறுபாடு வாய்ப்பில்தான்.

வியாசர்பாடியின் சொந்தக் கதையும் இந்தக் கோட்டிலேயே ஓடுகிறது. இங்கிருந்து போன தனபால் கணேஷ், 2018 மார்ச்சில் பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் நடந்த அரையிறுதியில் கோவா அணிக்கு எதிராக ஒரு கோல் அடித்து, சென்னையின் எஃப்சியை இறுதிக்கு அனுப்பியவர்களில் ஒருவரானார். இந்தியச் சட்டையும் அணிந்தார். நந்தகுமார் சேகர் சென்னை சிட்டியில் தொடங்கி, டெல்லி டைனமோஸ், ஒடிசா வழியாக ஈஸ்ட் பெங்கால் சேர்ந்து, 2023 ஆகஸ்டில் டியூரண்ட் கோப்பைக் கொல்கத்தா டெர்பியில், அதாவது ஒரே நகரத்துப் பரம எதிரிகள் மோதும் ஆட்டத்தில், 60-ஆவது நிமிடத்தில் அடித்த ஒரே கோலால் மோகன் பகானை வீழ்த்தினார். அந்த கோலை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்: வலது விளிம்பில் பந்தை வாங்கி, உள்ளே வெட்டி, இடது காலால் வளைத்து அனுப்புகிறார். அவர் விங்கர், அதாவது விளிம்பில் ஆடும் தாக்குதல் வீரர். சாங்தே, மகேஷ் நாவ்ரம், விக்ரம் பிரதாப் என்று ஐஎஸ்எல் வளர்த்த இந்தியத் தாக்குதல் வீரர்களில் பெரும்பாலோர் விங்கர்களே. லீக் கதவை எந்தப் பக்கம் திறந்ததோ அந்தப் பக்கமாகத்தான் நுழைந்தார்கள். கோல் மோகம் பிடித்த பையன் ஒருவன் பிழைப்பை எண்ணி விளிம்புக்கு நகர்ந்தால் அவனைக் குறை சொல்ல முடியாது.

இங்கிலாந்துக்கும் இதே நோய் இருந்தது. 1992-இல் பிரீமியர் லீக் தொடங்கிய வார இறுதியில் முதல் பதினொருவரில் இறங்கியவர்களில் பிரிட்டன், அயர்லாந்துக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் 13 பேர்தான். 1999 டிசம்பரில் செல்சி ஓர் ஆங்கிலேயர்கூட இல்லாத பதினொருவரைக் களமிறக்கியது. லீக் உலகின் பணக்கார லீக்கானது. தேசிய அணி கோப்பைகளை எட்டிப் பார்க்கவே தடுமாறியது. 2010-11 முதல் 25 பேர் பட்டியலில் குறைந்தது எட்டுப் பேர் உள்நாட்டில் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும் என்ற விதி வந்தது. கிளப் அகாடமிகளில் பெரும் முதலீடும் சேர்ந்தது. அதன் பலனை நாமே நேரில் பார்த்தோம்: 2017-இல் கொல்கத்தாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இறுதியில் ஸ்பெயினை 5-2 என வென்ற இங்கிலாந்து அணியில் ஃபில் ஃபோடன் இருந்தார். ஜெர்மனி இன்னும் முன்பே விழித்துக்கொண்டது. 2000-இல் ஐரோப்பிய நாடுகள் மோதிய யூரோ கோப்பைத் தொடரில் முதல் சுற்றிலேயே வெளியேறிய அவமானத்துக்குப் பின், தொழில்முறை லீக் கிளப்புகள் இளைஞர் அகாடமி நடத்தினால்தான் உரிமம் என்று கட்டாயமாக்கியது. 2014-இல் உலகக் கோப்பை வந்தது. இரண்டு நாடுகளும் லீக்கைச் சுருக்கவில்லை, விதியை மாற்றின.

பணம் மட்டும் போதாது என்பதற்குச் சீனா ஒன்று போதும். 2017 வாக்கில் ஆஸ்கர் போன்றவர்களை ஏறத்தாழ 6 கோடி யூரோ கொடுத்து வாங்கிய லீக் அது. 2020 சாம்பியனான ஜியாங்சு கிளப், கோப்பை வென்ற சில மாதங்களில் மூடப்பட்டது. 2002-க்குப் பின் சீனா எந்த உலகக் கோப்பைக்கும் போகவில்லை.

நம்மிடம் இந்த விதிகளின் நிழல்கள் உண்டு, உடல் இல்லை. இளம் வீரர்களுக்கு ஆட்ட நிமிடங்கள் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே சம்மேளனம் நடத்திய இந்தியன் ஆரோஸ் அணி, 2017 உலகக் கோப்பைப் பிள்ளைகளை ஐ-லீக்கில் ஆட வைத்தது. அந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் இந்தியாவுக்காக முதல் கோல் அடித்த ஜீக்சன் சிங்கும் அதில் ஆடியவர். 2022-இல் அந்த அணி கலைக்கப்பட்டது. ஐ-லீக்கிலிருந்து ஐஎஸ்எல்லுக்கு ஏறும் ஏணியின் கதையும் அப்படித்தான். 2019-இல் ஐ-லீக் வென்ற சென்னை சிட்டிக்கு மேலே ஏறப் படியே இருக்கவில்லை. சில ஆண்டுகளில் அந்தக் கிளப்பே தேசியக் களத்திலிருந்து மறைந்தது. 2022-23 முதல்தான் ஐ-லீக் சாம்பியனுக்கு ஐஎஸ்எல்லில் இடம் கிடைக்கத் தொடங்கியது; பஞ்சாப் எஃப்சியும் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் அப்படி ஏறியவை. 2024-25 பருவம் வரை ஐஎஸ்எல்லிலிருந்து கடைசி அணி கீழே இறக்கப்பட்டதில்லை. கீழே விழும் பயம் இல்லாத கிளப், பருவத்தின் கடைசி ஆட்டங்களிலாவது இளைஞர்களை இறக்கிப் பார்க்கலாம். பெரும்பாலும் அதுவும் நடப்பதில்லை என்பதுதான் வருத்தம்.

தரவரிசையை வைத்துத் தீர்ப்பு எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 2015 மார்ச்சில் இந்தியா 173-ஆவது இடத்தில் இருந்தது, 2017 ஜூலையில் 96-இல், 2023 ஜூலையில் 99-இல், 2025 நவம்பரில் 142-இல். ஐஎஸ்எல் இந்த ஏற்றத்திலும் இருந்தது, இறக்கத்திலும் இருந்தது.

இதைவிட நேரடியான சோதனை ஒன்று 2025-இல் தானாகவே நடந்துவிட்டது. சம்மேளனத்துக்கும் லீக் நடத்தும் நிறுவனத்துக்கும் இடையே 2010-இல் கையெழுத்தான 15 ஆண்டு ஒப்பந்தம் முடியவிருந்த நிலையில், புதிய பருவம் ஜூலையில் நிறுத்திவைக்கப்பட்டது; வழக்கமான செப்டம்பர் தொடக்கம் தவறியது, பல கிளப்புகள் பயிற்சியையே நிறுத்தின. அக்டோபரில் சிங்கப்பூரோடு அங்கே 1-1, கோவாவின் மட்கானில் 1-2. 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறும் கனவு அதோடு முடிந்தது. நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1. லீக் இல்லாமல் தேசிய அணி தேறும் என்பவர்களுக்கு இந்த ஆட்டங்கள் பதில். ஆனால் அதே தகுதிச் சுற்றில், 24 ஆட்டங்கள் கொண்ட முழுப் பருவம் முடிந்த கையோடு, ஜூன் மாதம் ஹாங்காங்கிடமும் 0-1 எனத் தோற்றிருந்தோம் என்பதையும் மறைக்கக் கூடாது. பருவம் நடந்தபோதும் நின்றபோதும், எதிரணியின் கோலுக்கு முன்னுள்ள பெட்டிக்குள் பந்து வந்து விழுந்த நேரத்தில் அதை வலைக்குள் தள்ள ஆள் இருக்கவில்லை.